கோட்டப் பொறியாளர் இறங்கிய இடம்

போன மாதம் ஓர் இளம் உதவிப் பொறியாளர் போன் செய்தார். ஒரகடம் சாலையை இன்னும் அகலப்படுத்தப் போகிறார்களாம். அதற்காக ட்ரோன் பறக்கவிட்டு அளந்ததில், புங்கமேட்டுச் சிறுபாலத்தில் ஒரு குறை தெரிந்திருக்கிறது. பாலத்தின் தெற்குச் சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. வடக்குச் சுவர் மட்டும் ஆரம்பத்திலேயே வயிறு தள்ளிக்கொண்டு, பிறகு ஞாபகம் வந்தவன் போல நேராகப் போகிறது.

“சார், பழைய வரைபடத்துல ரெண்டு சுவரும் நேராத்தான் இருக்கு. கட்டினப்போ நீங்கதான் அந்தப் பிரிவுல இருந்தீங்கன்னு சொன்னாங்க. ரிப்போர்ட்ல ‘காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு. ஒரு வரி சொன்னாப் போதும் சார்.”

ஒரு வரி சொன்னேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதே வாரத்தில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கச் செயலாளரும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். இளைய தலைமுறைக்கு வழிகாட்டும்படி இருக்க வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷம் சாலை போட்டவனிடம் வழி கேட்பது நியாயம்தான். நான் போட்ட சாலைகளில் போனவர்கள் யாரும் என்னிடம் வழிகாட்டச் சொல்லிக் கேட்டதில்லை; வேறு சில வார்த்தைகள் சொன்னார்கள்.

கல்லூரியில் பாலம் எப்படி நிற்கிறது என்று ஐந்து வருஷம் படித்தேன். வேலைக்கு வந்த ஐந்தாவது மாதத்தில், பாலம் எப்படி நிற்கிறது என்பது முக்கியமில்லை, கோப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று புரிந்துவிட்டது. என் பயிற்சிக் காலம் அத்தோடு முடிந்தது.

ஒரு சிறுபாலம் வேண்டுமென்றால் பிரிவு அலுவலர், அதாவது அப்போது நான், கருத்துரு அனுப்ப வேண்டும். அது உதவிக் கோட்டத்துக்குப் போகும், கோட்டத்துக்குப் போகும், வட்டத்துக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்குப் போகும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வியாவது கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டால், படிக்காமல் போட்டுவிட்டார் என்று பேச்சு வரும். ஆகையால் படிக்காமலேயே கேள்வி கேட்பார்கள்.

புங்கமேட்டுப் பாலத்துக்கு நான் அனுப்பிய கருத்துரு அப்படித்தான் வருஷா வருஷம் வீடு திரும்பியது. முதலில், தண்ணீர் தேங்கி நிற்கும் புகைப்படம் இணைக்கச் சொன்னார்கள். கேட்டது சித்திரை மாதத்தில். மழைக்காலம் வரை காத்திருந்து படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, படத்தில் தெரிவது புங்கமேடுதான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். தண்ணீருக்குள் ஊர்ப் பலகையை நட்டு மறுபடியும் படம் எடுத்தேன். கடைசியாக வந்த கேள்விதான் மணி போன்றது: ‘மேற்படி இடத்தில் இதுவரை சாலை உடைப்பு ஏற்பட்டுள்ளதா? ஏற்படவில்லையெனில் பாலத்தின் தேவை யாது?’

இதற்குப் பதில் எழுத எனக்கு வழியில்லை. சாலை உடையவில்லை. கெட்டியாகப் போட்டிருந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

அந்தச் சாலைக்கு மேற்கே புங்கமேட்டு ஏரி. ஏரிக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் காலனி. கொஞ்சம் தொகுப்பு வீடுகள், மிச்சம் குடிசைகள். ஏரி நிரம்பினால் உபரி நீர் காலனியை ஒட்டிய கால்வாயில் வந்து, சாலைக்கு அடியில் இருந்த ஒற்றைக் குழாய் வழியாகக் கிழக்கே போய்ச் சேரும். ராஜா காலத்து ஏற்பாடு இல்லாவிட்டாலும், தண்ணீருக்கு அது பழகிப்போயிருந்தது. பிறகு கிழக்கே இருந்த நிலத்தை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கியது. அப்போது இந்தப் பகுதியில் தொழிற்சாலை என்றால் மறைமலை நகரைக் காட்டுவார்கள். பிள்ளைப்பாக்கத்தில் கேழ்வரகு விளைந்துகொண்டிருந்தது. கம்பெனி வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். அவர்கள் லாரி லாரியாக மண் கொட்டி நிலத்தை மேடாக்கினார்கள். கால்வாயையும் சேர்த்துத்தான் மேடாக்கினார்கள். குழாயின் கிழக்கு வாய் மண்ணுக்குள் போய்விட்டது. கால்வாய் அவர்கள் பத்திரத்தில் இல்லையாம். பத்திரம் படிக்கத் தெரியாத தண்ணீர் மட்டும் வழக்கம்போல வந்தது.

இனி எங்கள் கோட்டப் பொறியாளர் தணிகாசலம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை கான்வாஸ் காலணி. ஜீப்பின் முன்சீட்டில், இடது பக்கம், ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் உட்காருவார். கையில் மடக்கிய குடை. ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். அவர் கோட்டத்துக்கு வந்து பல வருஷம் ஆகியும், அவருடைய கால் ஒரு சாலையில் பட்டதை யாரும் கண்டதில்லை. சாலை போடும் இடத்தில் ஜீப் நிற்கும். குடையின் நுனியால் வெளியே ஒரு திசையைக் காட்டுவார். நாங்கள் அங்கே ஓடி நிற்போம். கொஞ்ச நேரம் பார்ப்பார். “பார்த்தாச்சு” என்பார். அவ்வளவுதான், ஆய்வு முடிந்தது. பிடிக்காத விஷயம் ஏதாவது கண்ணில் பட்டால், “நான் பாக்கலை” என்பார். மறுநாளைக்குள் அது அங்கே இருக்கக்கூடாது என்று அர்த்தம். இருபது பக்கம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பும் அதிகாரிகளிடமும் வேலை பார்த்திருக்கிறேன். இவர் இரண்டு சொல்லில் கோட்டத்தை நடத்தினார்.

இடது ஜன்னலிலிருந்து தெரிவதைத்தான் பார்ப்பார் என்பது ஒப்பந்தக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வரும்போது தூங்கிவிடுவார் என்பதும் தெரியும். ஆகவே எங்கள் கோட்டத்தில் போகும்போது இடது பக்கம் இருக்கும் பாதிச் சாலை கண்ணாடி போல இருக்கும். மற்ற பாதியில் போனவர்களுக்கு இடுப்பு வலி.

ஆய்வு என்றால் சுண்ணாம்பு. இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் சாலையை யாரும் செப்பனிட மாட்டார்கள். அதற்கு நேரம் இருக்காது. ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். மைல்கல், மரம், பாலத்துக் கைப்பிடி, ஓரமாக அசையாமல் நிற்கும் எதுவானாலும் அடிப்பார்கள். கொஞ்சம் அதிக நேரம் நின்றதால் ஒரு மாட்டுக்கும் அடித்ததாகக் கேள்வி.

இந்தச் சுண்ணாம்புக் கலையில் என் பிரிவில் முதல் ஆள் எத்திராஜ். சாலைப் பணியாளர் கேங்குக்கு மேஸ்திரி. புங்கமேட்டுக் காலனிக்காரர். வேலையைத் தொடங்க அவரைப் போல யோசிப்பவர் கிடையாது. பீடி, டீ, வானிலை, அரசியல் எல்லாம் முடிந்த பிறகுதான் கடப்பாரை அசையும். ஆனால் தொடங்கிவிட்டால் நூல் பிடிக்காமல் ஒரு குழி வெட்ட மாட்டார். தோண்டிய ஜல்லியைச் சதுரப் பெட்டி மாதிரி அடுக்கி வைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். கோணலாக இருந்தால் பிரித்து அடுக்கச் சொல்லிப் பழக்கியதே நான்தான். ஓய்வுபெற அவருக்கு ஒரு தீபாவளிதான் பாக்கி இருந்தது.

1991 என்றால் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதில் நான் கிண்டல் பேசவும் மாட்டேன். நான் சொல்வது அதே வருஷத்து அடைமழையை. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

ஏரி ராத்திரியே நிரம்பி வழிய ஆரம்பித்திருக்கிறது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது காலனிக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். குழாய் அடைத்துக் கிடந்ததால் அது போக வழியில்லை. சாலையே அணை மாதிரி அதைத் தேக்கி வைத்திருந்தது. சனங்கள் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் கொண்டுவந்து சாலைமேல் உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசியில் உயிர் இல்லை. வெள்ளத்தைச் சுற்றிப் பார்க்க வந்துகொண்டிருந்த கோட்டப் பொறியாளரின் ஜீப் அந்த வழியாக வந்து நின்றது.

எத்திராஜின் மனைவி பூங்காவனம் இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழியோடு ஜீப் எதிரில் வந்து நின்றார். என்னைப் பார்த்தால் எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அன்றைக்குத் தண்ணீரோடு மரியாதையும் வழிந்து போயிருந்தது.

“இன்னா சார், வருசா வருசம் வந்து படம் புடிச்சிக்கினு போறியே, இப்ப எங்க வூட்டுல அடுப்பு மேல தண்ணி ஏறிக்கினு கீது. புடி, நல்லா வரும் படம்.”

“ஏய், கம்முனு இரு. பெரிய சார் வந்துகீறாரு” என்றார் எத்திராஜ்.

“வந்துகீறாரு, எறங்கலியே! இந்தக் கோழிய வுட்டாக்கூட எறங்கி நடக்கும்யா. உங்க பெரிய சாருக்குக் கால் கீதா இல்லியா?”

டிரைவர் கபூர் பாய் இருமுவது போலச் சிரித்தார். தணிகாசலம் எதையும் கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. குடை நுனியை என் பக்கம் நீட்டினார். போனேன்.

“என்ன பண்ணப் போறீங்க?”

“ரோட்டை வெட்டணும் சார். குழாய்க்குத் தெற்கே எதிர்ப்பக்கம், கம்பெனி எல்லை தாண்டி, மேய்ச்சல் நிலம் காலியா இருக்கு. அங்கே வெட்டினா தண்ணி வடிஞ்சுடும்.”

“வெட்டறதுக்கு யார் அனுமதி?”

“கண்காணிப்புப் பொறியாளர் சார். எழுத்துல.”

“கேட்டீங்களா?”

“போன் வேலை செய்யலை சார்.”

“அப்ப அனுமதி இல்லை.”

“இல்லை சார்.”

குடை நுனியால் மழையைக் காட்டினார். “தானா உடைஞ்சா?”

“உடைஞ்சா அனுமதி வேண்டாம் சார். தகவல் சொன்னாப் போதும்.”

எங்கள் விதி அதுதான். அரசுச் சாலையை மனிதன் வெட்ட வேண்டுமானால் விண்ணப்பம், மாற்றுப்பாதை வரைபடம், போலீசுக்கு அறிவிப்பு, மேலிட உத்தரவு எல்லாம் வேண்டும். இல்லாமல் வெட்டினால் பொதுச் சொத்துக்குச் சேதம், வேலை போகும். வெள்ளம் உடைத்தால் ஒன்றும் வேண்டாம். துறை தன் ஊழியர்மேல் வைத்ததைவிட அதிக நம்பிக்கையை வெள்ளத்தின்மேல் வைத்திருந்தது.

“கபூர் பாய், வண்டியைத் திருப்புங்க.”

“எங்க சார் போவணும்?”

“எங்கேயும் வேண்டாம். திருப்பினாப் போதும். அந்தப் பின்பக்கப் படுதாவையும் இறக்கி விடுங்க.”

ஜீப் சாலையிலேயே திரும்பி ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்து நின்றது. படுதா இறங்கியது. என்னையும் ஏறச் சொன்னார். ஏறுவதற்குள் எத்திராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், இன்னா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லலை.”

“வெட்டலாமா வேணாமா?”

“அவர் பாக்கலை.”

எத்திராஜ் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். அரசாங்கத்தில் அவ்வளவு காலம் இருந்தவருக்கு அது போதும். “டேய், கடப்பாரைய எடுங்கடா” என்று கத்தியது படுதாவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. அன்றைக்கு அவர் பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

தணிகாசலம் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தார். பின்னால் கடப்பாரைச் சத்தம். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். மண்வெட்டிச் சத்தம். அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். திருமண விளம்பரங்களைக்கூட விடாமல் படித்தார். வெகு நேரம் கழித்து, ஒரு வண்டி சரளையைக் கொட்டுவது போல ஒரு பெரிய இரைச்சலும் அதற்கு மேல் சனங்களின் கூச்சலும் கேட்டன.

“என்ன சத்தம்?”

“வெள்ளம் சார்.”

“உடைஞ்சிருக்குமோ?”

“உடைஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன் சார்.”

“அப்ப தகவல் குடுத்துடுங்க” என்றார். கபூர் பாய் வண்டியை எடுத்தார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

‘புங்கமேடு அருகே சாலையில் உடைப்பு ஏற்பட்டுள்ளது’ என்று அன்றே எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினேன். யார் செய்தார்கள் என்று சொல்லாமலேயே எல்லாம் ‘ஏற்பட்டுவிடும்’ எங்கள் அலுவலக எழுத்து நடையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குத் துறை வாசலில் ஒரு சிலை வைத்திருக்கலாம். சுண்ணாம்பு நாங்களே அடித்திருப்போம்.

இதற்குள் மண்ணூர்ப் பக்கம் இன்னொரு சாலை நிஜமாகவே உடைந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே கிடந்தேன். புங்கமேட்டில் தண்ணீர் வடிந்து சனங்கள் வீடு திரும்பிவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். வெட்டின இடத்தைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அங்கேதான் கெட்டது.

கம்பெனி மேனேஜர் சும்மா இருக்கவில்லை. சாலை போனதால் அவருடைய லாரிகள் நின்றுவிட்டன. வெட்டினவர்கள் அரசு ஊழியர்கள்தான், தன் காவலாளி கண்ணால் கண்டான் என்று சென்னைக்குப் புகார் போனது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வருகிறார் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. எத்திராஜுக்கும் வந்தது. ‘பெரிய அதிகாரி புங்கமேட்டுக்கு வருகிறார்’ என்ற அளவில் வந்தது.

விசாரணை நாள் காலை, மழை விட்டு வெயில் அடித்தது. நான் மண்ணூரிலிருந்து நேராக அங்கே போய் இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வெள்ளம் உடைத்த சாலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாய் கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். இங்கே சாலையின் குறுக்கே ஒரு செவ்வகம். இரண்டு பக்கமும் செங்குத்தாக, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் தேறும்படி. ஓடும் தண்ணீர் ஓரத்தை அரிக்கக்கூடாது என்று இரு கரையிலும் பாறைக் கற்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தோண்டி எடுத்த ஜல்லி சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக நின்றது. பெரிய ஜல்லி தனியாக, சிறிய ஜல்லி தனியாக. இரு முனையிலும் சிவப்புக் கொடி. எல்லாவற்றுக்கும் மேலாக, கரைக் கல் ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தது.

எத்திராஜ் சுண்ணாம்பு வாளியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

“என்னய்யா இது?”

“ஆபீசர் வராருன்னு சொன்னாங்கல்ல சார். நேத்தே அடிச்சாச்சு. இன்னிக்குக் காலைல ரெண்டாவது கோட்டிங்.”

என் மேற்பார்வை இல்லாமல் அவர்கள் செய்த ஒரே வேலை அது. நான் பணியில் இருந்தவரை என் பிரிவில் நடந்த வேலைகளில் மிகச் சிறந்ததும் அதுதான். கற்களைக் கலைத்துப் போடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் விசாரணை அதிகாரியின் கார் வந்துவிட்டது. பின்னாலேயே தணிகாசலத்தின் ஜீப்.

விசாரணை அதிகாரி வயதில் சின்னவர், கறுப்புக் கண்ணாடி. வெட்டின ஓரமாக ஒரு தடவை நடந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை நடந்தார். நான் அனுப்பிய தகவலை எடுத்துப் படித்தார். பிறகு என்னைக் கேட்டார்:

“வெள்ளம் உடைச்சுதா?”

“ஆமாம் சார்.”

“உடைச்சுட்டுச் சுண்ணாம்பும் அடிச்சுட்டுப் போச்சா?”

அவர் எத்திராஜைக் கூப்பிட்டார். விசாரிக்கும் தொழில் தெரிந்தவர்; மிரட்டவில்லை, பாராட்டினார்.

“வேலை நீங்க பண்ணினதா? பிரமாதம். எப்படி இவ்வளவு நேரா வந்தது?”

“நூல் புடிச்சது சார்” என்றார் எத்திராஜ்.

“அதான் பார்த்தேன். வெள்ளத்துல நிறைய ஜல்லி அடிச்சிக்கிட்டுப் போயிருக்குமே?”

“ஒரு கல்லு போவல சார்! அல்லாத்தயும் எடுத்து அடுக்கிட்டு அப்பறம்தான் தண்ணிய வுட்டோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் எத்திராஜுக்கு உறைத்தது. வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்போ யார் வெட்டச் சொன்னது?”

எத்திராஜ் என்னைப் பார்க்கவில்லை. ஜீப்பையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“யாரும் சொல்லல சார். மழதான்.”

“மழை நூல் பிடிக்காது. சொல்லலேன்னா நீயா வெட்டினதாத்தான் எழுதுவேன். இன்னிக்கே சஸ்பெண்ட்.”

காலனிச் சனங்கள் சுற்றி நின்றார்கள். பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெறும் நேரத்தில் சஸ்பெண்ட் ஆனவனுக்கு, விசாரணை முடியும்வரை பென்ஷன் கிடையாது. விசாரணை முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தில் மட்டும் எங்கள் துறை தாமதம் செய்ததில்லை.

“சார், அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தேன்.

டொக் என்று ஒரு சத்தம். ஜீப்பின் தகரத்தில் குடை தட்டிய சத்தம். என் வாய் தானாக மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். ஜீப்பின் இடது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் காலணி வெளியே வந்து, காற்றில் கொஞ்ச நேரம் தயங்கி, தரையைத் தொட்டது. பிறகு இன்னொன்று.

“யா அல்லா” என்றார் கபூர் பாய்.

தணிகாசலம் குடையை ஊன்றிச் சாலையில் நடந்தார். உட்கார்ந்தே பார்த்த ஆள் நின்றால் இவ்வளவு குள்ளமா என்று இருந்தது. நேராக வடக்குக் கரையின் விளிம்புக்குப் போனார்.

“சார், அங்கே ஓரத்துல நிக்காதீங்க” என்றார் விசாரணை அதிகாரி.

“ஏன், வலுவாத்தானே இருக்கு? நூல் பிடிச்சு மனுஷன் வெட்டினதுன்னு சொல்றீங்களே.”

சுண்ணாம்பு அடித்த கல்மேல் ஒரு காலை வைத்து, குனிந்து உள்ளே பார்ப்பது போல அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கல் பெயர்ந்தது. அதன் பின்னாலிருந்த ஈரமண் சரிந்தது. அடுக்கு மொத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு தண்ணீரில் விழ, குடையும் கோட்டப் பொறியாளரும் அதன் பின்னாலேயே போனார்கள்.

இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை என்று சொல்ல அவரிடம் தலைமுடி மட்டும்தான் மிச்சம். முதலில் குதித்தது பூங்காவனம், அப்புறம் எத்திராஜ். ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

“இன்னா சார் இது, வயசான காலத்துல?” என்றார் பூங்காவனம். “எறங்கலியேன்னுதான் கேட்டேன். அதுக்குன்னு இம்மாந் தூரமா எறங்குவ?”

தணிகாசலம் மூச்சு வாங்கினார். முகத்துச் சேற்றைத் துடைக்கவில்லை. விசாரணை அதிகாரியைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா? ஒரு ஆள் கனம் தாங்கலை. மண்ணு அவ்வளவு ஊறிப் போயிருக்கு. இதை வெட்டறதுக்கு மேஸ்திரி எதுக்கு, கடப்பாரை எதுக்கு? தானா உடைஞ்சிருக்கு. மேலும் உடையாம இருக்க என் ஆளுங்க கல் அடுக்கியிருக்காங்க. அதுவும் நிக்கலை.”

“சார், தெற்குப் பக்கம் நேரா இருக்கே…”

“அந்தப் பக்கமும் போய் நிக்கணுமா? நான் தயார். இல்லே, விசாரணை உங்களோடது. நீங்க நின்னு பாக்கறீங்களா?”

விசாரணை அதிகாரி தன் காலணியைப் பார்த்தார். நல்ல காலணி. தன் மேற்பார்வையில் ஒரு மூத்த அதிகாரி பள்ளத்தில் விழுந்தார் என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு விசாரணை உண்டு. அதை நடத்த இன்னோர் அதிகாரி வருவார்.

“வேண்டாம் சார்.”

“பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு சார்.”

‘சாலையோர மண் நிலைத்தன்மை அற்றது. உடைப்பு இயற்கைக் காரணங்களால் ஏற்பட்டுள்ளது’ என்று அவர் காரின் முகப்பில் வைத்தே எழுதினார். எங்கள் நடை அவருக்கும் வந்தது.

திரும்பும்போது நான் ஜீப்பின் பின்சீட்டில் இருந்தேன். தணிகாசலம் அந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெறும் சீட்டில் சேற்றோடு உட்கார்ந்தார். வழக்கம்போல தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பாதி தூரம் வந்ததும் கண்ணைத் திறக்காமல் சொன்னார்:

“நல்லா அடுக்கியிருந்தான். ரெண்டு தடவை மிதிக்க வேண்டியிருந்தது.”

அதற்கப்புறம் அவர் எந்தச் சாலையிலும் இறங்கியதாக எனக்குத் தெரியாது.

பாலம் வந்தது. ‘சாலை உடைப்பு ஏற்பட்டுள்ளதா?’ என்ற கேள்விக்குத்தான் இப்போது பதில் இருந்ததே. வெள்ளச் சேதச் சீரமைப்பில் மறுபேச்சு இல்லாமல் அனுமதி கிடைத்தது. எத்திராஜ் பிடித்த நூலின் அகலமே பாலத்தின் அகலம். தெற்குச் சுவரைக் கொத்தனார் அவர் வெட்டின கோட்டிலேயே எழுப்பினார். வடக்கில் கரை சரிந்த இடத்தில், பிடிப்பான மண் கிடைக்கும்வரை உள்வாங்கிப் போய் அஸ்திவாரம் போட வேண்டியிருந்தது. நேராக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். எத்திராஜ் அடுத்த தீபாவளிக்குப் பிறகு மாலையோடு ஓய்வுபெற்றார். பென்ஷன் வந்தது. அதன்பிறகு எந்த மழையிலும் பூங்காவனத்தின் அடுப்பு நனையவில்லை. அந்தக் கம்பெனி வேறு யார் யார் கையிலோ மாறிவிட்டது. இப்போது அந்தப் பாலத்தின் மேல் ஷிஃப்ட் பஸ்கள் போகின்றன. எத்திராஜின் பேரனும் அதில் ஒன்றில் போகிறான்.

போனில் காரணம் கேட்ட தம்பிக்கு நான் சொன்ன ஒரு வரி இதுதான்: “காரணம்: மண்ணின் தன்மை.”

“தேங்க்ஸ் சார். இப்ப புதுசாக் கட்டும்போது ரெண்டு பக்கமும் டிசைன்படி நேரா வந்துடும்.”

“தாராளமா. ஆனா ரொம்ப நேரா வேண்டாம் தம்பி” என்றேன். “அது ஒரு தடவை நேரா இருந்துதான் ஒரு ஆளோட பென்ஷன் போகப் பார்த்தது.”

அவர் சிரித்தார். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ட்ரோனைப் பற்றி நிறையச் சொன்னார். எந்தப் பக்கம் திருப்பினாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடுமாம். நல்ல கருவிதான். இறங்கி ஒரு கல்லை மிதிக்கச் சொன்னால் மிதிக்குமா என்று கேட்க நினைத்தேன். அதற்கு ரிப்போர்ட்டில் கட்டம் இருக்காது என்று விட்டுவிட்டேன்.